லேடெக் மேக்ரோவில் ஒருமுறை கணக்கிட்ட மதிப்பை மீண்டும் பயன்படுத்துவது எப்படி?

கேள்வி (கிருஷ்ணகிரி):
வணக்கம். எங்கள் பகுதியில் பெங்களூரா மா நடும் விவசாயிகளுக்காக, ஆவணங்களை வடிவமைக்கும் மென்பொருளான லேடெக்கில் ஒரு கையேடு தயாரித்து வருகிறேன். நிலப்பரப்பு, நடவு இடைவெளி, கன்றின் விலை ஆகியவற்றைக் கொடுத்தால் கன்றுகளின் எண்ணிக்கையையும் மொத்தச் செலவையும் அச்சிடும் மேக்ரோ (நாமே வரையறுக்கும் கட்டளை) ஒன்றை, கணக்கிடும் கட்டளையான பிஜிஎஃப்மேத்பார்ஸ் (\pgfmathparse) கொண்டு எழுதியுள்ளேன். எண்ணிக்கை முதலில் சரியாகவே வருகிறது. ஆனால் செலவைக் கணக்கிட்ட பிறகு அதே எண்ணிக்கையை மறுபடியும் அச்சிட்டால், அவ்விடத்தில் செலவுத் தொகை வருகிறது. ஏக்கரைச் சதுர அடியாக மாற்றினால் அளவு மிகப் பெரியது என்ற பிழையும் எழுவதால், சென்ட் கணக்கிலேயே எழுத வேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் வழி கூறுங்கள்.

பதில் (தருமபுரி):
ஐயா, பிஜிஎஃப்மேத்பார்ஸ் எந்தக் கணக்கைச் செய்தாலும் விடையைப் பிஜிஎஃப்மேத்ரிசல்ட் என்ற ஒரே பெயரில்தான் வைக்கும். எனவே அடுத்த கணக்கு முந்தைய விடையை அழித்துவிடும். மேக்ரோவை வரையறுக்கும் டெஃப் (\def) கொண்டு அதற்கு வேறு பெயர் சூட்டியும் பயனில்லை. டெஃப் உள்ளிருக்கும் எண்ணை எடுக்காமல் அந்தப் பெயரையே எழுதி வைத்துக்கொள்கிறது. அதற்குப் பதிலாக இடெஃப் (\edef) எழுதினால், அது வரையறுக்கும் நேரத்திலேயே பெயரை விரித்து எண்ணைச் சேமிக்கும். பிஜிஎஃப்மேத்செட்மேக்ரோவைப் பயன்படுத்தினால், கணக்கிடுவதும் நீங்கள் விரும்பிய பெயரில் சேமிப்பதும் ஒரே வரியில் முடியும்.

பதில் (ஊத்தங்கரை):
அளவு மிகப் பெரியது என்ற பிழைக்குக் காரணம், பிஜிஎஃப்மேத் கட்டளைகள் லேடெக்கின் அடிப்படையான டெக்கின் நீள அளவுகளைக் கொண்டே கணக்கிடுவதுதான். அதன் எல்லை 16,384-ஐ எட்டாது. ஓர் ஏக்கரோ 43,560 சதுர அடி. கணக்கிடும் மற்றொரு கட்டளையான எஃப்பிஇவாலுக்கு (\fpeval) இந்த எல்லை இல்லை. 2022 ஜூன் வெளியீடு முதல் அது லேடெக்குடனேயே வருகிறது. எழுதிய இடத்திலேயே விடையாக விரிவடையும் கட்டளை என்பதால் இடெஃப்பிற்குள் நேரடியாகவே எழுதலாம்.

இதைவிட முக்கியமாக நான் கருதுவது, தசமத்தை நீக்கி முழுமையாக்கிய எண்ணைச் சேமிக்கக் கூடாது என்பதே. முப்பது அடிக்கு முப்பது அடி இடைவெளியில் ஒரு கன்றுக்கு 900 சதுர அடி, ஏக்கருக்கு 48.4 கன்றுகள். அதை 48 என்று சேமித்து இரண்டரை ஏக்கருக்குப் பெருக்கினால் 120 வரும், 48.4 என்றே வைத்திருந்தால் 121. அச்சிடும் இடத்தில் மட்டும் முழுமையாக்குங்கள். விவசாயி கன்று வாங்கப் போவது இந்த எண்ணை நம்பித்தான்.

கேட்டவர்:
மிக்க நன்றி. இடெஃப்பும் எஃப்பிஇவாலும் சேர்ந்து சரியாக வேலை செய்கின்றன. ஆனால் அட்டவணையின் முதல் கட்டத்தில் சேமித்த மதிப்பு, அடுத்த கட்டத்தில் வரையறுக்கப்படாத கட்டளை என்று பிழை தருகிறது.

பதில் (தருமபுரி):
அட்டவணையின் ஒவ்வொரு கட்டமும் தனிக் குழு. குழு முடிந்ததும் அதற்குள் வரையறுத்தவை மறைந்துவிடும். இடெஃப்பிற்குப் பதிலாக எக்ஸ்டெஃப் (\xdef) எழுதினால் மதிப்பு குழுவைத் தாண்டியும் நிலைக்கும். எனினும் எக்ஸ்டெஃப் ஆவணம் முழுவதும் செல்லுபடியாவதால், வேறெங்கும் வராத பெயரைத் தேர்ந்தெடுங்கள். இயன்றால் அட்டவணை தொடங்கும் முன்பே கணக்கை முடித்துவிடுவது நல்லது.