"ஆண்" என்ற பதிவால் நிராகரிக்கப்பட்ட க்ளெய்ம்: என்ன செய்வது?

கேள்வி:
வணக்கம். நான் ஒரு திருநம்பி; பிறப்பில் பெண் என்று பதிவாகி, ஆணாக வாழ்பவன். அடையாள ஆவணங்களில் பாலினத்தை ஆண் என்று மாற்றி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. காப்பீட்டுப் பாலிசியிலும் அப்படியே திருத்திவிட்டேன். கருப்பையை நீக்கும் அறுவை சிகிச்சையை நான் செய்துகொள்ளவில்லை. ஆகவே மருத்துவர் சொன்னபடி கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பாப் ஸ்மியர் சோதனைக்குச் சென்றேன். மகளிர் பிரிவில் என் பெயரைக் கூப்பிட்ட செவிலியர், எழுந்து நின்ற என்னையும் என் தாடியையும் பார்த்துவிட்டு, "நோயாளி எங்கே?" என்று என்னிடமே கேட்டார். அதையும் பொறுத்துக்கொண்டு செய்த சோதனைக்கான க்ளெய்ம், "பாலினத்துக்குப் பொருந்தாத சோதனை" என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்துவிட்டது. பாலிசியில் மறுபடியும் பெண் என்று மாற்றிக்கொண்டால் பணம் கிடைக்கும் என்கிறார்கள். வேறு வழி உண்டா?

மறுமொழி 1:
தயவுசெய்து பதிவை மாற்றாதீர்கள். மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இத்தகைய நிராகரிப்பைப் பெரும்பாலும் எந்த மனிதரும் யோசித்து எழுதுவதில்லை. சோதனையின் குறியீட்டையும் பாலிசியிலுள்ள பாலினத்தையும் மென்பொருள் ஒப்பிட்டு, இரண்டும் பொருந்தாவிட்டால் தானாகவே தள்ளிவிடுகிறது. உங்களுக்கு எந்த உறுப்பு இருக்கிறது, அதற்கு இந்தச் சோதனை ஏன் தேவை என்பதை மருத்துவரிடம் கடிதமாக வாங்கி, எழுத்துமூலம் மேல்முறையீடு செய்யுங்கள். பாலிசியின் எந்தப் பிரிவின்படி மறுத்தார்கள் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். இன்று பெண் என்று மாற்றினால், நாளை வேறொரு க்ளெய்மில் உங்கள் ஆவணங்களோடு பாலிசி ஒத்துப்போகவில்லை என்று அதையே காரணம் காட்டுவார்கள்.

மறுமொழி 2:
நான் மருத்துவர். திருநம்பிகள் பலர் எடுத்துக்கொள்ளும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனால் கருப்பை வாய்ச் சோதனை தேவையற்றதாகிவிடாது. அதே போல, திருநங்கைகளுக்குப் பிறப்புறுப்பு அறுவை சிகிச்சையின்போது, ஆண் உடலில் உள்ள புராஸ்டேட் சுரப்பி பொதுவாக நீக்கப்படுவதில்லை என்பதால், பெண் என்ற பதிவோடு புராஸ்டேட் சோதனைக்குச் செல்பவர்களும் இதே சுவரில்தான் மோதுகிறார்கள். எந்தச் சோதனை வேண்டும் என்பதை உடலில் உள்ள உறுப்பை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

இன்னொன்று: டெஸ்டோஸ்டிரோன் திசுக்களை மெலியச் செய்வதால், பாப் ஸ்மியர் மாதிரி போதவில்லை என்று மறுபடி வரச் சொல்லும் வாய்ப்பு அதிகம். உலக சுகாதார அமைப்பு 2021-ல் முதன்மைச் சோதனையாகப் பரிந்துரைத்த எச்.பி.வி. சோதனைக்கு (கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸைக் கண்டறிவது), மாதிரியை நீங்களே எடுத்துக் கொடுக்க முடியும். அடுத்த முறை அதைக் கேட்டுப் பாருங்கள்.

மறுமொழி 3:
நான் ஆண், பெண் என்ற இரண்டுக்குள்ளும் அடங்காத பால்புதுமையர். என் போன்றோருக்குப் படிவத்தில் மூன்றாவது கட்டம் இருந்தாலும், உள்ளே கணினியில் ஏற்றும்போது யாரோ ஒருவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துவிடுகிறார். எது என்பது க்ளெய்ம் திரும்பி வரும்போதுதான் தெரிகிறது.

மார்பு அறுவை சிகிச்சைக்கு விண்ணப்பித்தபோது "அழகு சிகிச்சை" என்று மறுத்தார்கள். மார்பகப் புற்றுநோய்க்குப் பின் செய்யும் மறுசீரமைப்பைப் பல பாலிசிகள் அழகு சிகிச்சையாகக் கருதுவதில்லை. மாதவிடாய் நின்றவருக்குத் தரும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் மருந்து, திருநங்கைக்கு எழுதப்பட்டால் மட்டும் விருப்பச் சிகிச்சை ஆகிவிடுகிறது. உலக சுகாதார அமைப்பு 2019-ல் ஏற்று 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஐ.சி.டி.-11 என்ற சர்வதேச நோய் வகைப்பாட்டுப் பட்டியல், பாலின முரண்பாட்டை (பிறப்பில் பதிவான பாலினமும் ஒருவர் உணரும் பாலினமும் வேறுபடுவதை) மனநலக் கோளாறுகளின் பட்டியலிலிருந்து எடுத்து, பாலியல் நலம் சார்ந்த அத்தியாயத்தில் வைத்தது. மனநோய் என்ற முத்திரையை நீக்கிய பிறகும் அதை அடியோடு அழித்துவிடாமல் வைத்திருப்பதற்கு ஒரு காரணம், குறியீடு இல்லாவிட்டால் சிகிச்சைக்குக் காப்பீடு கேட்கவே வழியிருக்காது என்பதுதான். மேல்முறையீட்டில் இதை நான் எழுதினேன். இரண்டாவது சுற்றில் ஏற்றுக்கொண்டார்கள்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. பதிவு ஆண் என்றே இருக்கும். மருத்துவரின் கடிதத்தை நாளை வாங்கிவிடுகிறேன். பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.