இஎல்84 ஸ்டீரியோ ஆம்ப்: பவர் டிரான்ஸ்ஃபார்மர் எத்தனை மில்லி ஆம்பியருக்குச் சுற்ற வேண்டும்?

கண்ணாடிக்குமிழ்:
சேனலுக்கு ஒரு இஎல்84 பவர் வால்வு, சிங்கிள் எண்டட் (ஒற்றை வால்வே ஸ்பீக்கரை ஓட்டும் முறை). இரண்டுக்கும் பொதுவாக முன்னிலையில் ஒரு இசிசி83 வால்வு. ஆனோடில் 250 வோல்ட், ஒவ்வொரு இஎல்84-க்கும் ஆனோடு 48, ஸ்கிரீன் 5.5 மில்லி ஆம்பியர். இசிசி83-யும் சேர்த்தால் 110 வரும். பழைய ரேடியோவில் கழற்றிய 250-0-250, 100 மில்லி ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று இருக்கிறது, அது தாங்குமா? புதிதாகச் சுற்றக் கொடுப்பதென்றால் "250 வோல்ட், 120 மில்லி ஆம்பியர்" என்று சொல்லலாமா? சிலிக்கான் பிரிட்ஜ் (ஏசியை டிசியாக்கும் நான்கு டயோடு), 47 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர், 150 ஓம் சோக் (டிசியைச் சீராக்கும் சுருள்), அப்புறம் 100 மைக்ரோ.

இழைச்சூடு:
பழையதை விட்டுவிடுங்கள். கரண்ட் போதாது, அதோடு சிலிக்கான் டயோடு போட்டால் வோல்டேஜ் 350 பக்கம் ஏறும். இஎல்84 ஆனோடின் உச்ச வரம்பு 300.

வால்விலிருந்து பின்னோக்கிக் கூட்டிப் பாருங்கள். ஆனோடு–கேத்தோடு 250, 135 ஓம் கேத்தோடு ரெசிஸ்டரில் 7, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் பிரைமரி 250 ஓம் என்றால் அதில் 12, சோக்கில் 16. முதல் கெபாசிட்டரில் சராசரி 285 வோல்ட் வேண்டும். 47 மைக்ரோவில் ரிப்பிள் (டிசியில் மிஞ்சும் ஏற்ற இறக்கம்) உச்சிக்கு உச்சி 18 வோல்ட் அளவுக்கு இருக்கும், அதில் பாதியையும் டயோடு இரண்டு வோல்ட்டையும் சேர்த்தால் உச்சம் 296. சுருளின் சொந்த இழப்புக்கும் இடம் விட்டு, முழு லோடில் 220 வோல்ட் ஏசி சொல்லுங்கள். 250 அதிகம்.

கரண்டில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 110 என்பது டிசி. கெபாசிட்டர் ஒவ்வொரு அரை அலையின் உச்சியிலும் இரண்டு மூன்று மில்லி செகண்டு மட்டுமே சார்ஜ் ஆகிறது. 10 மில்லி செகண்டுக்கு வேண்டிய மொத்தத்தையும் அந்தக் குறுகிய நேரத்தில் இழுத்துக்கொள்வதால், பிரிட்ஜ் ரெக்டிஃபயரில் செகண்டரியின் ஆர்எம்எஸ் கரண்ட் (கம்பியைச் சூடாக்கும் அளவு) டிசியைப் போல 1.6 முதல் 1.8 மடங்கு. அதாவது 180 முதல் 200 மில்லி ஆம்பியர். 120-க்குச் சுற்றிய கம்பியில் 190 ஓடினால் சூடு இரண்டரை மடங்கு. மீட்டரில் டிசி 110 என்றே காட்டும், டிரான்ஸ்ஃபார்மரைத் தொட முடியாது.

ஹீட்டர்: 0.76 + 0.76 + 0.3 = 1.82 ஆம்பியர். 6.3 வோல்ட் 2.5 ஆம்பியர் எழுதுங்கள். மொத்தம், எச்டி (உயர் வோல்டேஜ் சுருள்) 220 × 0.2 = 44, ஹீட்டர் 6.3 × 2.5 = 16, ஆக 60 விஏ (வோல்ட் × ஆம்பியர்). 75 விஏ கேளுங்கள்.

செம்புச்சுருள்:
கணக்கு சரி. வெறும் விஏ மட்டும் சொல்லிக் கொடுத்தால் செம்பை மிச்சம் பிடிக்க 14,000 காஸ் ஃபிளக்ஸில் (இரும்பில் காந்தப்புல அடர்த்தி) சுற்றிவிடுவார்கள். லைன் வோல்டேஜ் கொஞ்சம் ஏறினாலே உறுமும், காந்தப்புலம் கசிந்து அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் ஹம் (உறுமல் இரைச்சல்) ஏறும். 10,000 காஸ் என்று எழுதியே கொடுங்கள்.

இந்த ஃபிளக்ஸில் சுற்று கூடும் என்பதால் நடு நாக்கு 32 மில்லிமீட்டர் உள்ள ஸ்டாம்பிங்கில் (இரும்புத் தகடு) சுருளுக்கான ஜன்னல் இறுகிவிடும். 38 நாக்கு, 32 அடுக்கு வசதி. வோல்ட்டுக்கு 3.9 சுற்று வரும். பிரைமரி 230-க்கு 900 சுற்று, 26 கேஜ் கம்பி. எச்டி, இழப்புக்கு 5 சதம் கூட்டி 900 சுற்று, 30 கேஜ். ஹீட்டர் 26 சுற்று, 18 கேஜ். பிரைமரிக்கு மேல் ஒரு செம்புத்தகடு ஷீல்டு போட்டு அதை எர்த்தில் சேருங்கள். தகட்டின் இரு முனையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறலாம், ஆனால் நடுவே காகிதம் கட்டாயம். முனைகள் தொட்டால் அது ஷார்ட்டான ஒரு சுற்று, டிரான்ஸ்ஃபார்மரே எரிந்துபோகும்.

கண்ணாடிக்குமிழ்:
மிக்க நன்றி சார். இங்கே இரவில் 245 வோல்ட் வருகிறது. பின்னால் இஇசட்81 ரெக்டிஃபயர் வால்வுக்கு மாறவும் ஆசை.

செம்புச்சுருள்:
245 என்றால் ஹீட்டர் 6.7-ஐத் தொடும். 900-வது சுற்றில் ஒரு டேப் எடுத்து, மேலும் 60 சுற்று ஏற்றி 245-க்கு இன்னொரு முனை வையுங்கள். செலவு பெரிதில்லை.

இழைச்சூடு:
இஇசட்81 ஆசையை இப்போதே முடிவு செய்யுங்கள். அதில் இரண்டு ஆனோடுக்கும் ஒரே கேத்தோடு, ஆகவே சென்டர் டேப் (நடுமுனை) உள்ள செகண்டரி வேண்டும். ஒற்றைச் சுருளை வைத்து இஇசட்81 மட்டும் போட்டுப் பின்னால் மாற்ற முடியாது. ஹீட்டரில் இன்னும் 1 ஆம்பியர் கூடும், முதல் கெபாசிட்டர் 50 மைக்ரோவைத் தாண்டக் கூடாது.

சிலிக்கானிலேயே இருந்தால்: யுஎஃப்4007 டயோடு நான்கு. வால்வு சூடாகும்வரை லோடே இல்லாததால் 340 வோல்ட் வரை போகும், கெபாசிட்டர் 450 வோல்ட் ரகம் போடுங்கள். அணைத்ததும் சார்ஜ் வடிய, முதல் கெபாசிட்டருக்குக் குறுக்கே 220 கிலோ ஓம் 2 வாட் ரெசிஸ்டர். பிரைமரியில் 630 மில்லி ஆம்பியர் ஸ்லோ ஃப்யூஸ், எச்டி சுருளுக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே 315 மில்லி ஆம்பியர் ஸ்லோ. ஹீட்டருக்குச் சென்டர் டேப் வேண்டாம், இரு முனையிலிருந்தும் 100 ஓம் ஒவ்வொன்று சேஸிஸுக்குப் போட்டால் ஹம் அடங்கும்.