நண்டுக் குழம்பு 'டு டை ஃபார்'! இங்கிலீஷ்காரர்கள் ஏன் இப்படி அளந்து விடுகிறார்கள்?

உப்புக்காத்து (பாம்பன்)

எங்கள் மாடியில் இரண்டு அறைகளைச் சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். போன வாரம் தங்கிப்போன ஒரு குடும்பம் நெட்டில் ஆங்கிலத்தில் விமர்சனம் எழுதியிருந்தது. அப்பா அதை மொழிபெயர்க்கும் ஆப்பில் போட்டுப் படித்திருக்கிறார். 'நண்டுக் குழம்பு டு டை ஃபார்' என்று அவர்கள் எழுதியது, 'நண்டுக் குழம்பு இறப்பதற்கு' என்று வந்திருக்கிறது. உயிரையே கொடுக்கலாம், அவ்வளவு ருசி என்பதைத்தான் அவர்கள் அப்படி எழுதியிருந்தார்கள். மனுஷன் பதறிப்போய் நண்டு கொடுத்தவருக்கு ஃபோன் போட்டுவிட்டார்.

அதோடு முடியவில்லை. ஏசி 'ஃப்ரீசிங்', பிள்ளைகள் 'ஸ்டார்விங்', சாப்பாட்டுக்கு 'லிட்டரலி ஃபாரெவர்' காத்திருந்தார்களாம். மொத்தமே இருபது நிமிடம்தான். லிட்டரலி என்றால் சொன்னது சொன்னபடி, கூட்டாமல் குறைக்காமல் என்றுதானே படித்தோம்? இருபது நிமிடம் எப்படி முடிவில்லாத காலம் ஆகும்? என்னைக் கேட்டால் இது சுத்தப் புளுகு. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கீழக்கரை காக்கா

தம்பி சொல்வது சரி. லத்தீனில் லிட்டரா என்றால் எழுத்து. லிட்டரலி என்றால் எழுத்து பிசகாமல். அந்தச் சொல்லுக்கு இருந்த ஒரே வேலை 'இது மிகை இல்லை, நிஜம்' என்று சொல்வதுதான். அதையே மிகைக்குப் பிடித்துப் போட்டால் நிஜத்துக்கு எதை வைத்துக்கொள்வது?

நான் துபாயில் இருபது வருடம் கப்பல் கம்பெனி ஆபீசில் இருந்தேன். முதல் மேனேஜர் பிரிட்டிஷ்காரர். ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒரு கணக்கை முடித்துக் கொடுத்தேன். பார்த்துவிட்டு 'நாட் பேட்' என்றார். மோசமில்லை என்றால் சுமார் என்றுதானே அர்த்தம்? ஒரு வாரம் சரியாகச் சோறு இறங்கவில்லை. அவர் வாயிலிருந்து வருகிற பெரிய பாராட்டே அதுதான் என்று அப்புறம்தான் ஒரு மலையாளி நண்பர் சொன்னார். அவருக்குப் பின்னால் வந்தவருக்கு எதைக் காட்டினாலும் 'அமேசிங்', 'ஃபென்டாஸ்டிக்'. அவர் பாராட்டு எனக்கு ஒருநாளும் ஒட்டவே இல்லை.

அரிச்சல்முனை வண்டி

காக்கா, மன்னிக்கணும், நான் எதிர்க்கட்சி. தனுஷ்கோடிக்குத் தினமும் ஆள் ஏற்றிப் போகிறவன். ஆங்கிலம் எனக்கு வயிற்றுப்பிழைப்பு.

லிட்டரலியை இப்படிப் பேசுவது இன்றைக்கு இன்ஸ்டாகிராம் பிள்ளைகள் கண்டுபிடித்தது இல்லை. 1769ல் வந்த ஒரு ஆங்கில நாவலிலேயே இருக்கிறது. மெரியம் வெப்ஸ்டர் அகராதி 1909லேயே இந்தப் பொருளையும் சேர்த்துவிட்டது.

அப்புறம் 'வெரி' என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறோம்? அது பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது, 'உண்மையான' என்பதுதான் மூலப்பொருள். 'ரியலி'யும் அதே ஜாதி. உண்மைக்கு இருந்த சொல்லை எடுத்து அழுத்தத்துக்குப் போடுவது அவர்களுக்குப் பரம்பரை வழக்கம். வெரியை விட்டுவிட்டு லிட்டரலியை மட்டும் பிடித்து அடிப்பது என்ன நியாயம்?

நாம் மட்டும் என்ன? 'படம் பயங்கரமா இருந்துச்சு' என்று பாராட்டுகிறோம். அவர்களுடைய 'டெரிஃபிக்' முதலில் திகிலூட்டுகிற என்றுதான் இருந்தது, இன்றைக்குப் பாராட்டு. பயங்கரமும் டெரிஃபிக்கும் ஒரே படகில் வந்து இறங்கியவை. 'ஸ்டார்வ்' பழைய ஆங்கிலத்தில் வெறுமனே சாவதுதான். அப்புறம் பசியால் சாவது, இப்போது சாதாரணப் பசி. நீங்கள் 'கொலைப்பசி' என்றால் வீட்டில் யாரும் போலீசைக் கூப்பிடுகிறார்களா?

உப்புக்காத்து (பாம்பன்)

அண்ணே, 'உயிர் போகுது' என்று நாம் சொன்னால் உயிர் போகவில்லை என்று எல்லாருக்கும் தெரியும். அதில் 'நிஜமாகவே' என்று சத்தியம் செய்வதில்லையே. என் புகார் அந்தச் சத்தியத்தின் மேல்தான்.

அரிச்சல்முனை வண்டி

'நிஜமாவே உயிர் போயிருச்சுடா' என்று நீ ஒரு தடவைகூடச் சொன்னதில்லை? நெஞ்சில் கை வைத்துச் சொல்.

உப்புக்காத்து (பாம்பன்)

...சொல்லியிருக்கிறேன்.

வாலிநோக்கம் உப்பளம்

குறுக்கே ஒரு சின்னத் தகவல். மிகைப்படுத்துவதற்கு அவர்கள் வைத்திருக்கும் 'எக்ஸாஜரேட்' லத்தீனில் குவித்துக் குவித்து மேடாக்குவது. எங்கள் ஊரில் அது தினசரி வேலை, அதனால் பிடித்த சொல். மிகைப் பேச்சுக்குப் பெயர் 'ஹைபர்போலி', கிரேக்கத்தில் எல்லைக்கு அப்பால் எறிவது. வலை வீசுகிறவர்களுக்கு விளக்கவே வேண்டாம். அதை ஹைப்பர்பௌல் என்று படித்துத் தொலைக்காதீர்கள், நான் காலேஜில் அப்படிப் படித்து வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

இன்னொன்று, நம்பமுடியாத கதைக்கு அமெரிக்காவில் 'ஃபிஷ் ஸ்டோரி' என்பார்கள். தப்பிப்போன மீன்தான் எப்போதும் பெரிய மீனாம்.

உப்புக்காத்து (பாம்பன்)

இது எங்கள் தாத்தாவைப் பார்த்து வைத்த பெயர். அவர் விட்ட சுறா வருடத்துக்கு ஒரு முழம் வளர்ந்தது.

கீழக்கரை காக்கா

வண்டித் தம்பி வரலாறு சொன்னார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வரலாறே என் கட்சிக்குத்தான் சாட்சி. வெரி தேய்ந்தது, ரியலி வந்தது. ரியலி தேய்ந்தது, லிட்டரலி வந்தது. அதுவும் தேய்ந்துவிட்டது. ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்கிய பிறகு பெருமாளையே பார்த்தால் என்ன சொல்வீர்கள்?

தமிழில் இதை உயர்வு நவிற்சி அணி என்கிறோம். தண்டியலங்காரத்தில் அதற்குப் பெயர் அதிசயம். அணி என்றால் நகை தம்பி. கல்யாணத்துக்குப் போடலாம். எல்லா நகையையும் மாட்டிக்கொண்டு மீன் ஏலத்துக்குப் போவீர்களா?

கடல்பாசி (மண்டபம்)

நான் கடல் சார்ந்த படிப்பு. இரண்டு பேருக்கும் தெரியாத ஒரு இடம் இருக்கிறது, நீங்கள் சண்டை போடுகிற இதே சொற்களுக்கு அளவுகோல் வைத்திருக்கிற இடம்.

கடலின் கொந்தளிப்பைச் சொல்ல ஆங்கிலத்தில் ஒரு வரிசை உண்டு. அலை இரண்டரை மீட்டரிலிருந்து நாலு வரை இருந்தால் 'ரஃப்'. நாலிலிருந்து ஆறு வரை 'வெரி ரஃப்'. இப்படியே ஏறிப்போய், 14 மீட்டரைத் தாண்டினால் 'ஃபினாமினல்'. நாலு மாடிக்கு மேல் எழும்புகிற அலை! என் கூடப் படிக்கிறவள் கேன்டீன் புரோட்டாவுக்கு அந்தச் சொல்லைப் போடுகிறாள்.

புயலும் அப்படித்தான். நம் வானிலை ஆய்வுத் துறைக் கணக்கில் மணிக்கு 62 கிலோமீட்டர் காற்று அடித்தால் புயல். 89ஐத் தொட்டால் 'சிவியர்', 118ஐத் தொட்டால் 'வெரி சிவியர்', அதற்கும் மேலே 'எக்ஸ்ட்ரீம்லி சிவியர்'. 220ஐத் தாண்டினால்தான் 'சூப்பர்'. வண்டி அண்ணன் தினமும் நூறு தடவை வீசுகிற அந்த வெரிக்கு அங்கே கிலோமீட்டர் கணக்கு இருக்கிறது.

என் சித்தப்பா விசைப்படகில் போகிறவர். 'கச்சான் காற்று கொஞ்சம் இருக்கு' என்று அவர் சொன்னால் சித்தி அன்றைக்குத் தூங்குவதில்லை. பெரிய சொல்லை அவர் வாயில் நான் கேட்டதே இல்லை.

அரிச்சல்முனை வண்டி

தங்கச்சி, நல்ல தகவல். ஆனால் புரோட்டாவுக்கு ஃபினாமினல் என்றதும் உன் தோழி மேஜைக்கு அடியில் போய் ஒளிந்தாளா? கேன்டீனில் ஒரு அர்த்தம், ரேடியோவில் ஒரு அர்த்தம். ஒரே சொல்லை இரண்டு இடத்தில் பிரித்துப் புரிந்துகொள்ள நமக்கு மூளை இருக்கிறது. நான் கட்சி மாறவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இடிந்த சர்ச் பக்கம் வண்டியை நிறுத்தி 1964 புயலைப் பற்றிச் சொல்வேன். ஆரம்பத்தில் 'டெரிபிள்', 'ஹாரிபிள்', 'டிவாஸ்டேட்டிங்' எல்லாவற்றையும் கொட்டுவேன். கேட்டுக்கொண்டே செல்ஃபி எடுப்பார்கள். அவர்கள் மேல் குற்றம் இல்லை, வழியில் சிக்னல் கிடைக்காததற்கும் அதே டெரிபிள்தான் போட்டிருந்தார்கள். இப்போது அந்த இடத்தில் ஒரு பெரிய சொல்லும் போடுவதில்லை. 'டிசம்பர் 22 ராத்திரி. பாம்பனிலிருந்து ஒரு பாசஞ்சர் ரயில் கிளம்பியது. உள்ளே நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். தனுஷ்கோடி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வரும்போது கடல் எடுத்துக்கொண்டது.' அவ்வளவுதான். ஃபோன் தானாகக் கீழே இறங்குகிறது.

கீழக்கரை காக்கா

கட்சி மாறவில்லையாம்!

அரிச்சல்முனை வண்டி

இல்லை காக்கா. நண்டுக் குழம்புக்கு டு டை ஃபார் போடலாம் என்றுதான் இன்னமும் சொல்கிறேன். பாம்பன் நண்டு அதற்குத் தகுதியானதுதான்.

உப்புக்காத்து (பாம்பன்)

அப்பாவுக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். விமர்சனத்துக்கு அவரே பதில் சொல்ல, நான் ஆங்கிலத்தில் தட்டினேன்: 'இருபது நிமிடம் ஆனது. நண்டு உயிரோடு வந்தது, அதனால் ஆனது. ஏசி 24ல் இருந்தது.' வெரிகூட இல்லை. சித்தப்பா ரகம்.

அந்தக் குடும்பம் உடனே பதில் போட்டது. ஜனவரியில் திரும்ப வருகிறார்களாம், 'கான்ட் வெயிட்' என்று எழுதியிருக்கிறார்கள். அப்பா கேட்கிறார், காத்திருக்க முடியாதென்றால் இந்த வாரமே வரவேண்டியதுதானே, அறை காலியாகத்தானே கிடக்கிறது என்று.