ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் ஸ்டீயரிங் மிகவும் கனமாக இருக்கிறது

கேள்வி:
தந்தையார் விட்டுச்சென்ற, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் எங்களிடம் உள்ளது. ரேடியல் டயர் மாற்றியபின், வண்டியை நிறுத்துமிடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பத் தோள் வலிக்கிறது. பவர் ஸ்டீயரிங் பொருத்தலாமா?

மறுமொழி 1:
முதலில் காற்றழுத்தத்தைப் பாருங்கள். பிறகு முன்சக்கரங்கள் இரண்டையும் ஜாக்கி வைத்துத் தூக்கித் திருப்புங்கள். எளிதாகத் திரும்பினால் குறை பெரும்பாலும் டயரில்தான் இருக்கும். அப்போதும் இறுகினால் டை ராடு (ரேக்கைச் சக்கரங்களோடு இணைக்கும் கம்பி) முனைகளைக் கழற்றி, ரேக்கையும் (ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது பக்கவாட்டில் நகரும் பல் தண்டு) சக்கரங்களையும் தனித்தனியே அசைத்துப் பார்த்தால் இறுக்கம் எங்கே என்பது தெரிந்துவிடும்.

மறுமொழி 2:
ஐயா சொன்ன முறையே சரி. ஆனால் இந்த வண்டியில் பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு: கீழ்ப்பக்க வெண்கல ட்ரன்னியனுக்கு (முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனை மரையில் திருகி நிற்கும் மூட்டு) கிரீஸ் அடிக்கவே கூடாது, 90 எண் கியர் ஆயில்தான் செலுத்த வேண்டும். கிரீஸ் நாளடைவில் கெட்டியாகி மரைக்குள் எண்ணெய் செல்லாமல் தடுப்பதால், அங்கே துருவேறி ஸ்டீயரிங் இறுகுவதோடு, ஓடும்போதே செங்குத்துத் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும் அபாயமும் இருக்கிறது. இதைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

மறுமொழி 3:
ரேக்கின் அழுத்தத் திருகை அளவுக்கு மீறி முடுக்கியிருந்தாலும் இதே நிலைதான். ஷிம் (மெல்லிய உலோகத் தகடு) சேர்த்துச் சரிசெய்யலாம். நீங்கள் கேட்ட பவர் ஸ்டீயரிங்குக்காக மின்மோட்டார் உதவி பொருத்துவதற்கு ஸ்டீயரிங் தண்டை வெட்ட வேண்டியிருக்கும். இவ்வளவு எடை குறைந்த காருக்கு அது தேவைப்படாது என்பதே என் கருத்து.