எதிர்ப் பெயர்ச்சியா, எதிர் உறவேற்றமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். மனநல மருத்துவப் பயிற்சிக்கான நம் கலைச்சொல் பட்டியலில் உள்ள சில சொற்களைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு இது பதில். நோயாளி தன் பழைய உறவு ஒன்றின் உணர்வுகளை மருத்துவரிடம் காட்டுவது டிரான்ஸ்ஃபரன்ஸ் (transference); நோயாளியால் மருத்துவருக்குள் எழும் உணர்வுகள் கவுண்டர்டிரான்ஸ்ஃபரன்ஸ் (countertransference).

> டிரான்ஸ்ஃபரன்ஸுக்கு 'உணர்வுப் பெயர்ச்சி', கவுண்டர்டிரான்ஸ்ஃபரன்ஸுக்கு 'எதிர்ப் பெயர்ச்சி' என்று வைத்துவிட்டுப் போகலாமே. இதில் என்ன சிக்கல்?

பெயர்ச்சி என்றதுமே சனி பகவான் வந்து உட்கார்ந்துவிடுகிறார், ஐயா. அதுகூடப் பரவாயில்லை, சிரித்துவிட்டுப் பாடத்துக்குத் திரும்பிவிடலாம். ஆனால் பெயர்ந்த பொருள் பழைய இடத்தில் இருக்காது. அப்பாவிடம் உள்ள பயத்தை மருத்துவரிடம் காட்டுகிறவருக்கு அப்பாவிடம் பயம் போய்விடுவதில்லை. அங்கேயும் இருக்கிறது, இங்கேயும் இருக்கிறது. அதோடு, பெயர்ச்சி தானாக நடப்பது, யாரும் செய்வதில்லை. 'நோயாளி என்ன செய்கிறார்?' என்று கேட்டால் பயிற்சி மருத்துவர் சொல்வதற்கு ஒரு வினைச்சொல் வேண்டும்.

அது பள்ளியில் படித்த அணியிலக்கணத்திலேயே இருக்கிறது. கோட்டைக் கொடி காற்றில் ஆடுகிறது. 'வராதே' என்று கையசைப்பதாகக் கவிஞர் தன் குறிப்பை அதன் மேல் ஏற்றிச் சொல்கிறார். தற்குறிப்பேற்றம். அந்த 'ஏற்று'தான் நான் கேட்பது. பழைய உறவு ஒன்றை எதிரே இருப்பவர் மீது ஏற்றுவது உறவேற்றம். 'அவர் தன் அண்ணனை என் மேல் ஏற்றிவிட்டார்' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், வகுப்பில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது.

> உறவேற்றம் என்றால் உறவு மேம்படுவது என்று படிக்க மாட்டார்களா? 'பதவியேற்பு' மாதிரி 'ஏற்றுக்கொள்வது' என்றும் குழப்பம் வரும்.

முதல் குழப்பம் கொஞ்சம் வரும், ஒத்துக்கொள்கிறேன். இரண்டாவது வராது. 'ஏல்' என்ற வினை ஏற்பு ஆகும். 'ஏற்று' என்ற வினைதான் ஏற்றம் ஆகும். இலங்கைப் பாடநூல்களில் மின்னேற்றம் படித்தவர்கள் யாரும் மின்சாரம் உயர்பதவிக்குப் போனதாக நினைக்கவில்லை.

எனக்குக் கவலை 'எதிர்' பற்றித்தான். குழுமத்து அக்கா ஒருவர் கவுண்டர்டிரான்ஸ்ஃபரன்ஸுக்கு 'எதிர்' சேர்க்காமல் 'மருத்துவர் தடை' என்று முன்வைத்திருக்கிறார்கள். 1910-இல் உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்ட் இந்தக் கருத்தைப் பேசியபோது அது தடைதான்: நோயாளியின் தாக்கத்தால் மருத்துவருக்குள் கிளம்புவதை அவர் கண்டுகொண்டு கடக்க வேண்டும், தன் சிக்கல்கள் விடும் தூரத்துக்கு மேல் அவரால் போக முடியாது. தொடக்கநிலைப் பாடத்துக்கு இது போதும். ஆனால் 1950-இல் உளப்பகுப்பாய்வாளர் பவுலா ஹைமன் அதைத் திருப்பிப் போட்டார். மருத்துவருக்குள் எழும் உணர்வு நோயாளியின் மனத்தை அறிவதற்கு ஒரு கருவி என்றார். மேல்நிலைப் பயிற்சியில் பாதி நேரம் இதில்தான் போகிறது. 'தடை' என்று பெயர் வைத்தால் முதலாண்டில் கற்றதை மூன்றாமாண்டில் அழிக்க வேண்டிவரும். 'எதிர்' இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. எதிரியும் அதில் உண்டு, எதிரொலியும் உண்டு.

மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளைப் பற்றிக் கூடிப் பேசும் பாலின்ட் குழுவில் இதை வைத்துச் சோதிப்போம். மைக்கேல் பாலின்ட் 1950-களில் லண்டன் டாவிஸ்டாக் மனநல மருத்துவமனையில் குடும்ப மருத்துவர்களை வைத்துத் தொடங்கியது; இன்று பிரிட்டனில் மனநலப் பயிற்சி மருத்துவர்கள் முதல் ஆண்டுகளில் இந்த வகைக் குழுவில் உட்கார வேண்டும். ஒருவர் குறிப்பேடு இல்லாமல் ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்வார். அப்புறம் நாற்காலியைச் சற்றுப் பின்னே தள்ளிக்கொண்டு வாய் திறக்காமல் கேட்பார், மற்றவர்கள் பேசுவார்கள். 'அந்த அம்மா உள்ளே வந்தாலே எனக்குத் தூக்கம் வருகிறது' என்று அவர் சொல்லியிருந்தால், அந்தத் தூக்கம் அவருடைய இரவுப்பணிக் களைப்பா, அந்த அம்மா பேசாமல் அடக்கி வைத்திருப்பதன் விளைவா? இரண்டாவதென்றால் 'இது எதிர் உறவேற்றம்' என்று குழு சொல்லலாம். 'இது மருத்துவர் தடை' என்றால் அவர் அடுத்த வாரம் வரமாட்டார்.

பட்டியலில் உள்ள 'பயிற்சிப் பகுப்பாய்வு' (training analysis) பற்றி ஒரு வரி. 1920-களில் பெர்லினில் உருவான முறைப்படி, மேல்நிலை மாணவர் கோட்பாடு படிக்க வேண்டும், மூத்தவரின் கண்காணிப்பில் (supervision) நோயாளிகளைப் பார்க்க வேண்டும், தானும் ஒருவரிடம் பகுப்பாய்வுக்கு உட்பட வேண்டும். நமது பட்டியலில் உள்ள சொல்லைப் பார்த்தால் மாணவர் பிறரைப் பகுத்துப் பழகுவது போலத் தெரிகிறது. 'தன்னைப் பகுப்பித்தல்' கரடுமுரடுதான், ஆனால் பகுப்பாய்வுக்காகச் சாய்ந்து படுப்பது யார் என்பது தெளிவு. (கல்கத்தாவில் 1922-லேயே உளப்பகுப்பாய்வுச் சங்கம் தொடங்கிய கிரீந்திரசேகர் போஸ் ஃப்ராய்டை நேரில் சந்தித்ததே இல்லை, எல்லாம் கடிதம்தான். வங்காளியிலும் எழுதினார். நாம் நூறாண்டு பிந்தித்தான் இழை ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.)

மேலே 'கண்காணிப்பு' என்று எழுதிவிட்டேன், எழுதும்போதே பிடிக்கவில்லை. 'மேற்பார்வை' என்றால் கட்டட வேலை நினைவுக்கு வருகிறது. மூத்தவரோடு உட்கார்ந்து, நடந்த அமர்வை வரிவரியாகத் திரும்பப் பார்ப்பதற்கு என்ன சொல்லலாம்? 'உடன்நோக்கு' என்று ஒன்று கைவசம் இருக்கிறது. உங்கள் பரிந்துரைகளை அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமைக்குள் பட்டியலை மூடுகிறேன்.