எடை குறைப்பு கிளினிக்குக்குச் சீல்: கட்டிய பணத்துக்கு யார் பொறுப்பு?

கீழக்கரைக்காரன்
போன வியாழக்கிழமை ஈ.சி.ஆர். ஓரத்தில் இருக்கும் ஒரு எடை குறைப்பு கிளினிக்குக்கு ஜே.டி. (மருத்துவப் பணிகள் இணை இயக்குநர்) ஆபீஸிலிருந்து ஆய்வுக்கு வந்தார்கள். கூடவே மருந்து ஆய்வாளர். ரெண்டு மணி நேரம் இருந்து, ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு, ஃபிரிட்ஜுக்குச் சீல் வைத்து, பதிவுச் சான்றிதழ் வாங்கும்வரை திறக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்துப் போய்விட்டார்கள். என் ராத்தா (அக்கா) அங்கே 6 மாசத்துக்கு 36,000 ரூபாய் கட்டியிருக்கிறாள். 3 மாசம்தான் ஆகிறது. வாரம் ஒரு ஊசி போட்டு 8 கிலோ குறைந்து, முழங்கால் வலியும் பாதி போயிருந்தது. ஒரு காகிதம் இல்லை என்பதற்காக இப்படி நடுவில் பூட்டுவதா?

உப்புக்காற்று
அந்தக் காகிதத்துக்காகத்தான் 1997இலேயே சட்டம் போட்டார்கள், 2018இல் விதிகளும் வந்தன. ஒரே ஒரு டாக்டர் உட்காரும் கிளினிக்கும் பதிவு செய்தாக வேண்டும், சான்றிதழை வருகிறவர் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும். உங்கள் ராத்தா மூன்று மாசம் போய் வந்திருக்கிறாரே, சுவரில் பார்த்தாரா?

அப்புறம் அந்த கிளினிக் வைத்த விளம்பர போர்டு. பஸ் ஸ்டாண்டு பக்கம் நானே படித்தேன்: "30 நாளில் 10 கிலோ, மருந்தால் உறுதி". மாய மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் 1954ஆம் வருடச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் உடல் பருமனும் இருக்கிறது. மருந்தைச் சொல்லி இப்படி போர்டே வைக்கக் கூடாது.

கீழக்கரைக்காரன்
சட்டம் பேசுவது சுலபம், காக்கா. எங்கள் பெண்கள் கடற்கரையில் காலையில் கைவீசி நடக்கிற ஊரா இது? பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் "அரிசியைக் குறை, நட" என்று ரெண்டு நிமிஷத்தில் அனுப்பிவிடுகிறார்கள். இங்கே எல்லாரும் பெண் ஊழியர்கள், உட்காரவைத்துப் பேசினார்கள், என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார்கள். தொதல் இனிப்பை நிறுத்தச் சொல்லி எங்கள் உம்மா பத்து வருஷமாகக் கத்தியும் கேட்காதவள், இவர்கள் சொல்லி நிறுத்தினாள்.

பாம்பன் வெயில்
சின்ன ஆளைத்தான் பிடிப்பார்கள். பெரிய ஆஸ்பத்திரி வாசலில் இந்த ஜீப் நிற்குமா?

உப்புக்காற்று
நின்றது. 2024 ஏப்ரலில் சென்னை பம்மலில் எடை குறைப்பு ஆபரேஷனுக்குப் போன புதுச்சேரிப் பையன் இறந்துபோனான். விசாரணைக்கு அப்புறம் அந்த ஆஸ்பத்திரியின் உரிமத்தையே தற்காலிகமாக நிறுத்தினார்கள்.

பாம்பன் வெயில்
உயிர் போன பிறகு.

உப்புக்காற்று
சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் இங்கே உயிர் போகும் முன்னாலேயே வந்ததைத் தப்பு சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

மாத்திரைக்கடை
பதினெட்டு வருஷமாக மருந்துக் கடை வைத்திருக்கிறேன். எல்லாரும் சான்றிதழைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். ஃபிரிட்ஜுக்கு ஏன் சீல் வைத்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லையே. எங்கள் கடைக்கு ஆய்வாளர் வந்தாலும் முதலில் திறப்பது அதைத்தான். வாரம் ஒரு ஊசி என்றால் அனேகமாக டிர்செபடைடு அல்லது செமாகுளூடைடு, பசியைக் குறைக்கிற மருந்துகள். டாக்டர் சீட்டு இல்லாமல் நான்கூட விற்க முடியாத சரக்கு. 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். டிர்செபடைடை வெளியே வைத்தால் 30 டிகிரி தாண்டக் கூடாது, அதுவும் சில வாரம்தான். மே மாசம் நம் ஊரில் சாயங்காலம்கூட 30க்குக் கீழே வராது. கரண்ட் போனால் ஜெனரேட்டர் இருந்ததா, தினமும் வெப்பநிலை எழுதும் நோட்டு இருந்ததா? பில் கொடுத்தார்களா, அதில் பேட்ச் நம்பர் போட்டிருந்ததா?

கீழக்கரைக்காரன்
பில் இல்லை. துண்டுச் சீட்டில் பணம் வாங்கியதாக எழுதிக் கொடுத்தார்கள். ஊசியை அங்கேயே போட்டுவிடுவார்கள். எல்லாருக்கும் மருந்து நிரப்பிய ஒரே ஊசிப் பேனாதான், ஆனால் ஆளுக்கு ஒரு புது ஊசிமுனை மாற்றுவார்கள் என்று ராத்தா சொல்கிறாள். சுத்தமாகத்தானே செய்திருக்கிறார்கள்?

உச்சிப்புளி அக்கா
தம்பி, நான் நர்ஸ். வேலை முடிந்து வந்து இதைப் படித்ததும் சும்மா இருக்க முடியவில்லை.

ஊசிமுனையை மாற்றினாலும் ஒரு பேனா ஒருவருக்குத்தான். குத்தும்போது ரத்தம் உள்ளே ஏறி மருந்தோடு கலக்கலாம். மஞ்சள் காமாலை பி, சி, எச்.ஐ.வி. எல்லாம் அந்த வழியாக வரும். பயமுறுத்தச் சொல்லவில்லை, பரிசோதனை செய்துகொள்ளத்தான் சொல்கிறேன். டாக்டர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருவார்?

கீழக்கரைக்காரன்
மாசம் ஒரு தடவை மதுரையிலிருந்து வருவார் என்றார்கள். ராத்தா ஒரு தடவைதான் பார்த்தாள்.

உச்சிப்புளி அக்கா
அப்போது அளவைக் கூட்டியது யார்? டிர்செபடைடு என்றால் 2.5 மில்லிகிராமில் தொடங்கி, குறைந்தது 4 வாரம் கழித்துத்தான் கூட்டுவார்கள். வாந்தி நிற்காமல் போனாலோ மேல்வயிற்றில் முதுகுவரை வலி வந்தாலோ கணைய வீக்கமாக இருக்கலாம். அதைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். இன்னொன்று, நடுவில் சில வாரம் விட்டுவிட்டு வேறு இடத்தில் பழைய அளவையே போட்டுவிடக் கூடாது. ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மெடிசின் ஓ.பி.க்குக் கூட்டிப் போங்கள். ரெண்டு நிமிஷத்தில் அனுப்பிவிடுவார்கள் என்று நீங்கள் சொன்னது பொய்யில்லை, அந்தக் கூட்டத்தில் நானும் நின்றிருக்கிறேன். எடைக்கு என்று போகாமல், "பெயர் தெரியாத ஊசி 3 மாசம் போட்டேன்" என்று சொல்லச் சொல்லுங்கள். உட்காரவைத்துக் கேட்பார்கள்.

பாம்பன் வெயில்
பணம்?

மாத்திரைக்கடை
துண்டுச் சீட்டை லேமினேட் செய்து வையுங்கள். அதை வைத்து நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். ஜே.டி. ஆபீஸுக்கும் ஒரு நகல் கொடுங்கள். ரிஜிஸ்டரில் ராத்தா பெயருக்கு நேரே என்ன மருந்து, என்ன அளவு எழுதியிருக்கிறது என்று கேளுங்கள்.

கீழக்கரைக்காரன்
இப்போதுதான் ராத்தாவிடம் பேசினேன். பெருநாளுக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு ரெண்டு வார மருந்தைச் சின்னக் குப்பியில் ஐஸ் வைத்துக் கொடுத்தார்களாம். ஒன்று மீதி இருக்கிறது, மீன் வைக்கிற ஃபிரீசரில். லேபிள் கிடையாது.

உச்சிப்புளி அக்கா
உறைந்த மருந்து, இனி உடம்புக்கு ஆகாது. ஆனால் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அப்படியே ஒரு கவரில் கட்டி, திங்கட்கிழமை அந்த மருந்து ஆய்வாளரிடமே கொடுங்கள்.

கீழக்கரைக்காரன்
சரி அக்கா. ராத்தாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.