ஃபர்ம்வேர் சொன்னால் கர்னல் அப்படியே நம்பணுமா?

காட்பாடி பயாஸ்: நேற்று ஒருத்தர், "ஃபர்ம்வேர் (போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள்) தரும் ஹார்டுவேர் பிழைப் பதிவைக் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) சரிபார்க்க வேண்டியதில்லை, அதைப் பாதுகாப்பு ஓட்டை என்பது வெட்டிப் பேச்சு" என்று தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல். ஏஆர்எம் வகை பிராசஸரின் பிழைப் பதிவில் எத்தனை விவரம் இருக்கிறது என்று சொல்ல 16 பிட் எண் ஒன்று உண்டு. ஒரு விவரம் 32 பைட். அந்த எண்ணைப் பதிவின் நீளத்தோடு ஒப்பிடாமல் விட்டு, 65535 என்று குப்பை வந்தால், கர்னல் கிட்டத்தட்ட 2 எம்பிக்கு அடுத்தவன் மெமரியைப் படித்துக்கொண்டே போகும்.

சத்துவாச்சாரி ரூட்: அந்த ஒருத்தர் நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். ஃபர்ம்வேரையே பிடித்தவன் எதற்குப் பிழைப் பதிவில் எண்ணை மாற்றணும்? சாவி கையில் இருக்கிறவன் கூரை ஓட்டைப் பிரித்து இறங்குவானா? 2024 பிப்ரவரியில் கர்னல்காரர்களே சிவிஇ எண் (பாதுகாப்பு ஓட்டைக்குத் தரும் அடையாள எண்) கொடுக்க ஆரம்பித்தார்கள், அதிலிருந்து தும்மினால்கூட ஒரு எண்.

காட்பாடி பயாஸ்: திருடனை விடுங்க. ஃபர்ம்வேர் எழுதினவனே தப்பா எழுதியிருந்தால்? 65535 வந்தால் என்ன என்ற கேள்விக்குப் பதில் எங்கே?

சத்துவாச்சாரி ரூட்: அதுக்குப் பேர் பிழை. ஓட்டை இல்லை. எத்தனை தடவை சொல்றது?

ராணிப்பேட்டைக்காரன்: விர்ச்சுவல் மெஷினுக்கு ஃபர்ம்வேர் தருவதே அதைத் தனக்குள் ஓட்டும் ஹோஸ்ட் கம்ப்யூட்டர்தான். ஹோஸ்டை நம்பக்கூடாது என்றுதானே விர்ச்சுவல் மெஷின் மெமரியை ஹோஸ்டிடமிருந்து மறைக்கும் ஏஎம்டி எஸ்இவி எல்லாம் வந்தது?

சத்துவாச்சாரி ரூட்: ஏஎம்டியில் ஏஆர்எம் பதிவு எங்கே வரும் நைனா? படிச்சிட்டு வா. 2019-லேயே தனி மாவட்டம் வாங்கிட்டுப் போனீங்க, இன்னும் வேலூர் பஞ்சாயத்தில் உங்களுக்கு என்ன வேலை?

ராணிப்பேட்டைக்காரன்: ஏஆர்எம்-முக்கும் அதே மாதிரி சிசிஏ இருக்கு, அதையும் படிங்க. மாவட்டம் பிரிச்சது அரசாங்கம், என்னைக் கேட்டா பிரிச்சாங்க?

காட்பாடி பயாஸ்: 65535.

சத்துவாச்சாரி ரூட்: அந்த எண்ணையே ஜபம் பண்ணு. தோல் கம்பெனி சர்வரில் பட்டப்பகலில் பயாஸ் ஃபர்ம்வேர் அப்டேட் போடச் சொன்னது யார்? பாதியில் கரண்ட் போய் போர்டு செத்தது, ஓனரிடம் திட்டு வாங்கினது நான். பிடிக்கலைன்னா, கர்னலில் இந்தப் பதிவுகளை வாங்கிப் படிக்கிற ஜிஎச்இஎஸ்-ஐ அணைச்சிட்டுப் போ.

காட்பாடி பயாஸ்: அணைத்தால் ராம் கெட்டுப்போகிறது என்று ஃபர்ம்வேர் தரும் தகவல் டிமெசேஜில் (கர்னலின் செய்திப் பட்டியல்) ஒரு வரிகூட வராது. அப்புறம் போர்டு செத்தது யுபிஎஸ் பேட்டரியால், அதை மாற்றச் சொல்லி எழுதியே கொடுத்திருந்தேன்.

சத்துவாச்சாரி ரூட்: பேட்டரி நல்லாத்தான் இருந்தது. பில் இருக்கு, போடட்டுமா?